பதினேழாம் பலகையின் நிழல்

நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் பின்னால் வந்தது முன்னால் வந்ததற்குக் காரணமாகிவிடும். முதலாளிகளின் வக்கீல்கள் அப்படித்தான் வழக்கை ஜெயிக்கிறார்கள்.

முதலாவது: நவகோடி பிரிசிஷன் பட்டறையில் முப்பத்திரண்டு பெண்களுக்கு ஈயச்சில்லு ஒட்டும் வேலை கொடுத்த அன்று கையுறையும் மூக்குத்துணியும் காட்டப்பட்டன, கொடுக்கப்படவில்லை. விண்வெளி மையத்து ஆட்கள் பார்வையிட வந்த நாட்களில் மட்டும் அவை அலமாரியிலிருந்து வெளியே வந்தன, கார் கிளம்பியதும் அலமாரிக்கே திரும்பின.

இரண்டாவது: ஈயத்தில் கை வைக்கிறவர்களுக்கு நாளுக்கு ஒரு டம்ளர் பால் என்று பேச்சு. மூன்றாம் மாதம் பால் மோரானது, நான்காம் மாதம் மோர் தண்ணீரானது, ஐந்தாம் மாதம் டம்ளரையும் காணவில்லை.

மூன்றாவது: வேலையை விட்டு நின்றவர்களின் அடையாள அட்டையைப் புதிதாக வந்தவர்களின் கழுத்தில் மாட்டினார்கள். கல்யாணமாகி வேலூருக்குப் போய்விட்ட மேரி ஸ்டெல்லாவின் அட்டை, எங்கிருந்தோ தனியாக வந்து இறங்கிய ஒருத்தியின் கழுத்தில் ஏறியது. பதிவேட்டில் புதுப்பெயர் எழுத வேண்டியதில்லை பாருங்கள். அன்றிலிருந்து பட்டறையிலும் எங்கள் சூளைமேட்டுத் தெருவிலும் அவள் ஸ்டெல்லா. ஆடி மாதம் அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதுகூட ஸ்டெல்லாக்கா.

நான்காவது: ராக்கெட் ஏறிய நாளில் டிவியில் நன்றி சொன்னார்கள். முதலாளி பரந்தாமன் பெயரைச் சொன்னார்கள், அவருடைய தகப்பனார் பெயரைச் சொன்னார்கள், பட்டறைக்கு இடம் கொடுத்தவர் பெயரைச் சொன்னார்கள். ஒட்டிய முப்பத்திரண்டு பேரில் ஒரு பெயரும் சொல்லப்படவில்லை.

ஐந்தாவது: மறுவாரம் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். கேட்கப் போனவர்களிடம், இங்கே அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை, எல்லாம் இயந்திரம் ஒட்டியது என்றார்கள்.

ஆறாவது: ஸ்டெல்லாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டோடு தொங்கிப்போயின. ஈயம் நரம்பில் ஏறிவிட்டது, உள்நோயாளியாகச் சேர்த்து மருந்து கொடுத்தால் கை திரும்பும், இந்த வருஷம் விட்டால் திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னார். சேர்க்கத் தொழிலாளர் அட்டை வேண்டும். தாள்களின்படி மேரி ஸ்டெல்லா வேலூரில் சுகமாக இருக்கிறாள். “இந்த அம்மா வேலை பார்த்ததுக்கு அரசாங்கத் தாள் ஏதாவது ஒண்ணு கொண்டாங்க, அன்னிக்கே அட்டை போட்டுத் தரேன்” என்றார் தொழிலாளர் அலுவலர். நல்ல மனிதர்தான். தாள் இல்லாமல் நல்ல மனிதரால் ஒரு குண்டூசியையும் நகர்த்த முடியாது.

ஏழாவது ஒன்று இருக்கிறது. அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

அந்தப் பெண்கள் என்ன ஒட்டினார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வானத்தில் எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போதோ, செத்த இரண்டு நட்சத்திரங்கள் மோதிக்கொள்ளும்போதோ, காமாக் கதிர் பீறிட்டு வருகிறது. சில வினாடிதான். எந்த நாள், எந்தத் திசை என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கதிரைக் கண்ணாடி வில்லை வைத்து வளைக்க முடியாது, அது எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும்; ஈயத்துக்குத்தான் கொஞ்சம் பயப்படும். அதனால் விண்வெளித் தொலைநோக்கியின் முகத்தில் ஒரு ஈயத்தட்டியைக் கட்டிவிட்டார்கள். முப்பத்திரண்டு பலகை, பலகைக்கு நாற்பதுக்கு நாற்பது கட்டம், அதில் பாதிக் கட்டத்தில் நகத்தளவு ஈயச்சில்லு, பாதிக் கட்டம் காலி. எது சில்லு எது காலி என்பதற்கு ஒரு கணக்கு, அது ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வரைபடத்தில். கதிர் வந்தால் தட்டியின் நிழல் உள்ளே விழும். நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்து விழுகிறது என்று பார்த்தால் வெடிப்பு எந்தத் திசையில் என்று தெரிந்துவிடும். உடனே அந்த இடத்தைப் பூமிக்குச் சொல்லும். உலகத்திலுள்ள பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் திரும்பி, அந்த வெளிச்சம் அணைவதற்குள் பார்த்துக்கொள்ளும். ஒளியைப் பிடிக்கிற யந்திரம் என்று டிவியில் சொன்னார்கள். அது நிழலைப் பிடிக்கிற யந்திரம், அந்த நிழல் எங்கள் பெண்களின் விரலில் பிறந்தது.

பட்டறைக்குப் பூட்டு விழுந்து எழுபதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தண்ணீர் லாரி வந்து நின்று குடங்கள் வரிசையாகக் கிடக்கையில், ஈயத்தட்டியின் நிழல் சூளைமேட்டுத் தெருவின் மேல் விழுந்தது. கட்டம் கட்டமாக, கறுப்பும் வெளுப்புமாக, பச்சைக் குடத்தின் மேலும் மஞ்சள் குடத்தின் மேலும், லாரி டிரைவரின் வழுக்கைத் தலையின் மேலும், கறிக்கடையில் தொங்கிய தொடையின் மேலும், நான் அன்றைக்கு ஒட்டியிருந்த சங்க நோட்டீசின் மேலும் விழுந்து பதினோரு வினாடி கிடந்தது. சூரியன் சூரியனுடைய இடத்தில் இருந்தது, அவரவர் நிழலும் அவரவர் காலடியில் இருந்தது, இது அதற்கு மேலே விழுந்த வேறு நிழல். யாரும் ஓடவில்லை. லாரி வந்திருந்தது.

“ஏ, இது என் பலகை!” என்று கத்தினாள் ரஷீதா பீ. ஒன்பதாம் பலகை ஒட்டியவள், வாயில் தீ வைத்துக்கொண்டு பிறந்தவள். “பாரு, மூலையில மூணு சில்லு ஒட்டிக்கினு நிக்குது. சூபர்வைசர் அதுக்குத்தான என்னை ஒரு நாள் முழுக்க நிக்க வச்சான்? கறிக்கடை மேல வுழுந்துக்குது என் பலகை!”

அன்றிலிருந்து எங்கோ நட்சத்திரம் வெடித்தால் எங்கள் தெருவில் நிழல் விழுந்தது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு, ஒரு தடவை அரை வினாடி, ஒரு தடவை இரண்டு நிமிஷம். பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வெடிப்புக்கு நிழல் தரையிலிருந்து மேல்நோக்கி விழுந்தது, கூரைத் தகரத்தின் அடிப்புறத்திலும், கொடியில் தொங்கிய கைலியின் உள்பக்கத்திலும், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர்களின் முதுகிலும். நாவிதர் கத்தியை எடுத்துவிட்டு நிழல் போகும்வரை காத்திருக்கப் பழகினார். பிள்ளைகள் நிழல் கட்டத்திலேயே பாண்டி ஆடினார்கள், நிழல் போனதும் நின்ற கட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். கோயில் பூசாரி தேங்காய் உடைக்கப் பார்த்து, தேங்காய் எடுத்து வருவதற்குள் நிழல் போய்விடுவதால் விட்டுவிட்டார். கவுன்சிலர் தன் முயற்சியால்தான் நிழல் வந்தது என்று சுவரில் எழுதினார். போட்டோவில் அது விழவே இல்லை, அதனால் பத்திரிகைக்காரர்கள் இரண்டு முறை வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் முகத்தில் கட்டம் விழுந்ததாம்; மாப்பிள்ளை வீட்டார், நல்ல வேளை, அரை வினாடி வெடிப்பு என்று சொல்லிக் காபி குடித்தார்களாம்.

பெண்கள் மட்டும் வேறு விதமாக அதைப் பார்த்தார்கள். நிழல் விழுந்த உடனே கோலமாவை எடுத்துக்கொண்டு குனிவார்கள், அவரவர் பலகையின் ஒரு மூலையைத் தரையில் குறித்துவிடுவார்கள், பத்து வினாடியில். பழகிய விரல்கள். பிறகு முதல் பலகை எங்கே விழுந்தது, முப்பத்திரண்டாவது எங்கே விழுந்தது என்று பார்த்து, “கோயிலாண்டயிருந்து ஏரிப் பக்கம் நவுந்துக்குது. அப்போ வெடிச்சது கோயிலுக்குப் பின்னால, ரெண்டு முழம் மேல” என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். டீக்கடைக்காரர் பையன் செல்போனில் பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் விண்வெளி மையம் அறிவிக்கும். ரஷீதா சொன்னதும் மையம் சொன்னதும் ஒன்றாக இருக்கும்.

சில நாள் மட்டும் ஒன்றாக இருக்காது. பதினேழாம் பலகையின் நிழல் நடுவில் விழும் திசையிலிருந்து வந்த வெடிப்புகளுக்கு மையம் ஒரு இடம் சொல்லும், ரஷீதா வேறு இடம் சொல்லுவாள். உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் மையம் சொன்ன இடத்துக்குத் திரும்பி வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு வரும்.

பதினேழாம் பலகை ஸ்டெல்லாவுடையது. முதல் நிழலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரஷீதாவிடமும் என்னிடமும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தொங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“வரைபடம் சதுரமா இருக்கும் தோழரே. எது தலை எது கால்னு தெரியாது. அம்புக்குறி போட்ட ஓரத்தை, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள அடங்கணும்னு வெட்டிட்டானுங்க. நாங்க அல்லாரும் வெட்டும்போதே பாத்து, தலைப் பக்கத்துல கண்ணாடி மேல குங்குமம் ஒண்ணு வச்சிப்போம். பொட்டு எந்தப் பக்கமோ அது மேல. அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. முந்தின நாளு எல்லாத்தையும் கழுவுனாங்க, என் பொட்டும் பூடுச்சு. பூஜையன்னிக்கு முதலாளி வந்து போட்டோவுக்கு நின்னாரு. எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சாரு, வரைபடத்துல என்னுதுக்கு மட்டும் வச்சாரு, அவருக்குக் கிட்ட இருந்த பக்கமா. மறுநாளு நான் வந்து பாத்தேன், பொட்டு இருந்துச்சு. அந்தப் பக்கத்தை மேல வச்சி மீதி வரிசையை ஒட்டினேன்.”

“சோதனையில எவனும் கண்டுபிடிக்கலியா?” என்றேன்.

“எண்ணிப் பாத்தானுங்க. எந்தப் பக்கம் எண்ணினாலும் வரிசைக்கு இருவது சில்லு. சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டானுங்க.”

பிறகு தாடையால் டீக்கடைச் சுவரைக் காட்டினாள். நவகோடி பிரிசிஷன் வருஷாவருஷம் கொடுக்கும் காலண்டர். பரந்தாமன் பட்டு வேட்டியில் குனிந்து ஒரு வரைபடத்துக்குப் பொட்டு வைக்கிறார். வரைபடம் நழுவாமல் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இரண்டு கைகள். முகம் வெட்டப்பட்டிருந்தது. கண்ணாடி வளையல் போட்ட, நன்றாக உருண்டு திரண்ட, விரல் விரித்த கைகள். ஆறு மாதமாக அந்தக் காலண்டரின் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறோம், ஒருவரும் கையைப் பார்க்கவில்லை.

மையத்திலிருந்து சண்முகவடிவு வந்தது அதற்கடுத்த வாரம். நெற்றியில் திருநீறு, தோளில் லேப்டாப் பை, வெடிப்புகளின் இடத்தைக் கணக்கிடும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பதினேழாம் பலகையில் ஏதோ கோளாறு என்பது வரை கணக்கு போட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். என்ன கோளாறு, எங்கே என்பது தெரியவில்லை. பரந்தாமனைக் கேட்டாள், இயந்திரம் ஒட்டியது என்றார். பதிவேட்டைப் பார்த்து வேலூருக்கு எழுதினாள், முதல் பலகை வருவதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன் என்று மேரி ஸ்டெல்லா பதில் எழுதினாள். அதற்கப்புறம் நேராகத் தெருவுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றே இருபது வினாடி நிழல் ஒன்று அவள் கைக்குட்டை மேல் விழுந்தது. அவள் கைக்குட்டையை மடித்துவிட்டு, “பதினேழு ஒட்டுனது யாரு?” என்று கேட்டாள்.

“ஸ்டெல்லாக்கா!” என்றோம் எல்லோரும்.

“அது அட்டைல உள்ள பேருல்லா. உங்க பேரு என்னம்மா?”

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இரண்டு வருஷமாக அவள் எங்களுக்குள் இருக்கிறாள். அவளுடைய கைக்காக நான் நான்கு நோட்டீஸ் அடித்தவன், நான்கிலும் ‘தோழர் ஸ்டெல்லாவுக்கு நீதி வழங்கு’ என்று தடித்த எழுத்தில் போட்டவன். நாற்பது வருஷமாக முதலாளிகளின் பதிவேட்டைக் கிழிக்கிறவன், அவர்கள் பதிவேட்டிலிருந்த பெயரைத்தான் கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது அநியாயம் அது. செய்தவன் நான்.

ஸ்டெல்லா சிரித்தாள். “சொல்றேன். நீ இன்னாத்துல எழுதுவே?”

“தப்பு எங்கன்னு சொன்னீங்கன்னா, திருத்த அறிக்கை எழுதுவேன். உலகத்துல இருக்க எல்லா வானாய்வு நிலையத்துக்கும் போகும்.”

“அதுல என் பேரு வருமா?”

“பதிவேட்டுல இல்லாத பேர எப்படிம்மா போட? எனக்கு மேல ஆளு இருக்காங்க.”

ரஷீதா இடுப்பில் கை வைத்தாள். “தபாரும்மா. எழுநூறு கோடி வருஷத்துக்கு முன்னால செத்துப்போன நட்சத்திரம், அது வெடிச்ச அரை மணியில தேதி போட்டு, எழுத்துப் போட்டு பேரு வச்சிடுறீங்கோ. எதிர்ல குந்திக்கினு இருக்கவளுக்குப் பேரு போட மேல ஆளக் கேக்கணுமா? போய்க் கேட்டுக்கினு வா. இங்க மைக்கு வச்சி, நாலு பேரு முன்னால பேரப் படி. எந்த வரிசைன்னு அவ சொல்லுவா. அதுவரைக்கும் உன் தொலைநோக்கி வெறும் ஆகாசத்தைப் பாக்கட்டும்.”

சண்முகவடிவு கோபப்படவில்லை. பொட்டு இடம் மாறிய கதையை மட்டும் ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டு காலண்டரைப் பார்த்தாள். “கேட்டுட்டு வாரேன்” என்று போனாள்.

அவள் போன செய்தி பரந்தாமனுக்கு எப்படியோ எட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் அவருடைய கார் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது, அவர் சாக்கடையைத் தாண்டி நடந்து வந்தார். கையில் தட்டச்சு செய்த தாள். ‘மேரி ஸ்டெல்லா ஆகிய நான், மேற்பார்வையாளர் சொன்னதை மீறி, என் கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்தது. நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன்.

“கைநாட்டு போதும்மா” என்றார். “நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரி, ஏசி ரூம். ஒரு மாசத்துல கை ரெண்டும் பழையபடி ஆயிடும். எனக்கும் மனசு கஷ்டமா இருக்கில்ல?”

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அவர் சேர்த்துவிடுவார். கை திரும்பிவிடும். அந்தத் தாளில் கை வைத்துவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. நாற்பது வருஷப் போராட்டத்தில் அப்படித் துடித்தது அன்றைக்குத்தான்.

ஸ்டெல்லா கேட்டாள்: “ஸ்டெல்லாவுக்கு ரூமு போட்டா ஸ்டெல்லா கைதான சார் சரியாவும்? அதும் கைக்கு ஒண்ணும் இல்லியே. வேலூர்ல சப்பாத்தி தேச்சிக்கினு இருக்குது.”

ரஷீதாவின் சிரிப்பு ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். பரந்தாமன் முகம் கறுத்தது. “கை போயிடும்மா, யோசிச்சுக்கோ.”

“போனா என் கைதான் போவுது. ஊரான் பேருல திரும்பி வரவேணாம். தப்பு பண்ணேன் சார், ஒத்துக்கிறேன். பொட்டு நீ வச்சே, சில்லு நான் ஒட்டினேன். உன் பேரு காலண்டர்ல இருக்குது. என் பேரு வரட்டும், அதுக்கப்புறம் தப்பை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது நிழல் விழுந்தது. நாற்பது வினாடி. பதினேழாம் பலகை அவருடைய வெள்ளைச் சட்டை மேலேயே விழுந்து, மேல் பாதி நேராகவும் கீழ்ப் பாதி திரும்பியும், நெஞ்சு முழுக்கக் கட்டமாக நின்றது. அவர் தட்டிவிடப் பார்த்தார். நிழல் தட்டினால் போவதில்லை. டீக்கடையில் செல்போனைப் பார்த்தோம்: மையம் மறுபடி வெறும் வானத்தைக் காட்டியிருந்தது.

அந்த நாற்பது வினாடிதான் மேலே இருந்தவர்களையும் அசைத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, கோயில் மைக்கைக் குழாயடியில் வைத்தோம். இருநூறு பேருக்குக் குறையாது. தொழிலாளர் அலுவலர் குடையோடு வந்திருந்தார், சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். முனையில் கார் நின்றது, கண்ணாடி ஏற்றியிருந்தது. முப்பத்தொரு பெண்கள் கோலமாவுக் கிண்ணத்தோடு வரிசையாக நின்றார்கள். ஸ்டெல்லாவுக்கு ரஷீதா தலை வாரிப் பூ வைத்து, இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல் ஏற்றியிருந்தாள்.

சண்முகவடிவு முத்திரை போட்ட தாளோடு வந்தாள். இரண்டு இடம் காலியாக இருந்தது. ஸ்டெல்லா அவள் காதில் ஏதோ சொன்னாள், அவள் ஒரு இடத்தை எழுதி நிரப்பினாள். தாள் காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான், குனிந்தால் பெயர் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டேன். ஊருக்கு முன்னால் தெரிந்துகொள்ளும் தகுதியை நான்கு நோட்டீசில் தொலைத்திருந்தேன்.

சண்முகவடிவு மைக்கில் படித்தாள்.

“காமாக் கதிர் வெடிப்புகளின் இடம் குறித்த திருத்த அறிக்கை. எல்லா வானாய்வு நிலையங்களுக்கும். ஈயத்தட்டியின் பதினேழாம் பலகையில், வரைபடம் கால் சுற்று திரும்பிய நிலையில் சில்லுகள் ஒட்டப்பட்டுள்ளன. காரணம்: பூஜையன்று நிறுவன உரிமையாளர் வரைபடத்தின் தவறான பக்கத்தில் இட்ட குங்குமம். திரும்பிய பகுதி தொடங்கும் வரிசை…” அங்கே நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“இருவத்திமூணு” என்றாள் ஸ்டெல்லா, மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும்படி.

“இருபத்துமூன்று. அதிலிருந்து நாற்பது வரை. இதன்படி கணக்குகள் இன்று முதல் திருத்தப்படுகின்றன. இந்தத் தகவலைத் தந்தவரும், அந்தப் பலகையின் எண்ணூறு சில்லுகளையும் பதினோரு வாரத்தில் தன் இரண்டு கைகளால் ஒட்டியவரும் ஒருவரே. அவர் பெயர்,” என்று சொல்லி, சண்முகவடிவு தாளைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினாள், முனையில் காரின் கண்ணாடி ஒரு விரல் இறங்கியது, தொழிலாளர் அலுவலர் பேனாவைத் தாளில் வைத்தார், “சின்னப்பொண்ணு மகள் பூங்காவனம்.”